ஏழு நாற்பத்தெட்டு

காபி கொட்டியது ஏழு நாற்பத்தெட்டுக்கு. பிறகு யோசித்துச் சொல்லும் கணக்கு இல்லை இது, கொட்டின அதே நொடியில் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது, முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கேட்டில் நின்றவனுக்குக் கண் அப்படித்தான் போகும். கேட்டைச் சாத்தினால் மணி பார்க்க வேண்டும், திறந்தால் மணி பார்க்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ஒரு எண் சொல்வார், அதைத் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, எதிரே மணி போட வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன், ஆனால் மணியில் என்னை ஒருத்தரும் பிழை பிடித்தது கிடையாது. பஞ்சவர்ணம் எனக்குச் செய்ததெல்லாமும் மணியோடுதான் ஞாபகம் இருக்கிறது. என் அம்மா செத்த அன்றைக்குப் பகல் பதினொன்று இருபதுக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் எதற்கோ சிரித்தாள். தொண்ணூற்று நான்காம் வருஷத் தீபாவளிக்குக் காலை ஆறு ஐந்துக்கு, எனக்கு எடுத்த சட்டை முதுகில் பிடிக்கிறது என்றதற்கு, உடம்பைக் குறைங்க என்றாள். அதே தீபாவளிக்கு அவள் அக்கா வீட்டுக்காரருக்கு எடுத்த சட்டை அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் சொல்லிவிடுவாள், அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது.

நடந்தது இவ்வளவுதான். வேலை செய்த காலத்துப் பழக்கத்தில் இந்தச் சாய்வு நாற்காலியில் ரயில் சத்தம் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். காலைப் பாசஞ்சர் போய் முடிந்தது. அவள் டம்ளரோடு வந்து நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மூன்று மாசமாகப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்த்தேன். வலது கை. டம்ளர் நடுங்கவில்லை, நழுவவில்லை, மெதுவாக என் பக்கம் சாய்ந்தது, வேண்டுமென்றே ஊற்றுகிறவள் எப்படி ஊற்றுவாளோ அப்படி. தொடையில் சூடாக இறங்கியது. அப்புறம்தான் டம்ளர் கையை விட்டுக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறாள். முழுச் சிரிப்பு இல்லை, இடது பக்கம் மட்டும் ஏறின சிரிப்பு, கேலி பண்ணுகிறவர்கள் சிரிப்பார்களே, அது. "அத்தான்" என்றாள். எதையோ மென்று விழுங்குவது மாதிரி வாயை அசைத்துவிட்டு மறுபடியும் "அத்தான்" என்றாள். நான் அவளுக்கு அத்தான் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக நான் அவளுக்கு 'ஏங்க'. அத்தான் என்றால் தவமணி, அவள் அக்கா செல்லத்தாயைக் கட்டினவர், என் சகலை, ரிட்டயரான டிரில் மாஸ்டர், அறுபத்தொன்பது வயதில் தலைக்கு மை போட்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனுஷன். சில வீடுகளில் கட்டினவனையே அத்தான் என்று கூப்பிடுவார்கள். கல்யாணமான முதல் மாசம் நானும் வெட்கத்தை விட்டு, என்னையும் அப்படிக் கூப்பிடேன் என்று கேட்டேன். மாலை நாலரை மணி, கேட்டுக் குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அது அக்கா வீட்டுக்காரருக்கு ஆகிப்போச்சு, ஒரு சொல்லை ரெண்டு பேருக்கு எப்படி வைக்க" என்றாள். சரி, வைக்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு என் மடியில் காபியைக் கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை ரெண்டு தடவை சொல்கிறாள் என்றால் மனசு எங்கே இருக்கிறது. நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன், "நெனப்பு எங்கேயோ இருக்கவங்க எதுக்குக் காபி கொண்டாரணும்." இந்த வீட்டில் பேச்சு சுவர் வழியாகத்தான். நான் சுவரிடம் சொல்வேன், அவளும் சுவரிடம் பதில் சொல்வாள், ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்வாள். இன்றைக்குப் பதில் இல்லை. திரும்பினாள், வலது காலின் பெருவிரல் நிலைப்படியில் இடித்தது, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்று உள்ளே போய்விட்டாள். துடைக்கத் துணிகூடக் கொண்டுவரவில்லை. ஒரு பதிலுக்குக்கூடத் தகுதி இல்லாதவனாகிவிட்டேன்.

சுவரில் கடிகாரத்துக்குக் கீழே காலண்டர், காலண்டருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் காகிதம். அவள் கோந்து தடவி ஒட்டினது. மூன்று மாசமாக நான் எங்கே உட்கார்ந்தாலும் அது என்னைப் பார்க்கிறது. அதில் ஒரு ஆள் படம் போட்டிருக்கிறான், பாதி முகம் இறங்கின ஆள், சத்தியமாகத் தவமணி ஜாடை. தவமணி பேத்தி காதுகுத்துக்குக் கிடா வெட்டின அன்றைக்கு ஆரம்பித்தது. பந்தியில் அவரே பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இலைக்கும் ஒரு கேலி சொல்லி ஊற்றிக்கொண்டு வந்தார். எனக்கு ஊற்றும்போது, "சகலைக்குக் கேட்டு மூடியிருக்கு, வாயைத் தெறக்கச் சொல்லுங்கப்பா" என்றார், பந்தியே சிரித்தது, மணி ஒன்று முப்பத்தாறு. நாலு இலை தள்ளிக் கரண்டி கீழே விழுந்தது. ராத்திரி போட்டது இன்னும் இறங்கல மாஸ்டருக்கு என்று எவனோ சொல்ல அதற்கும் சிரிப்பு. என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பஞ்சவர்ணம் எச்சில் கையோடு எழுந்தாள். இலையைத் தாண்டிப் போனாள். இடது கையால் அவர் தாடையைப் பிடித்து, "அத்தான், சிரிங்க பாப்போம்" என்றாள். அவர் சிரித்தார், வாய் ஒரு பக்கம் வரவில்லை. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். ஒரு கை இறங்கியது. உடனே கார் பிடி என்றாள். அரை மணியில் வழியிலேயே எல்லாம் சரியாகிவிட்டது, திரும்பிவிடலாம் என்று அவரே சொல்லியும் இவள் விடவில்லை, இவள் அம்மாவுக்கு இதே மாதிரி ஒரு மத்தியானம் கை விழுந்து, பத்து நிமிஷத்தில் சரியாகி, வாயு என்று எல்லாரும் விட்டுவிட, மறுநாள் விடிகாலையில் முழுசாக விழுந்தாளாம். மதுரை ஆஸ்பத்திரியில் மினி ஸ்ட்ரோக் என்றார்கள். நோய்கூட அவருக்குச் சின்னதாக, அடக்கமாக, பார்க்க லட்சணமாகத்தான் வருகிறது. ரெண்டு நாள் வைத்திருந்து, கழுத்து ரத்தக்குழாய், இருதயம், மண்டை என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, மாத்திரை எழுதி, இந்தக் காகிதத்தையும் கொடுத்து அனுப்பினார்கள், இவள் அதைக் கேட்டு வாங்கி இங்கே கொண்டுவந்துவிட்டாள். அதிலிருந்து சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு, பஞ்சவர்ணம் மாதிரிக் கண்ணு யாருக்கு வரும், அந்த ஒரு நூலிழைக் கோணலை எப்படிப் பிடிச்சா பாத்தியா. நானும் அதைத்தான் கேட்கிறேன். நாலு இலை தள்ளி நிற்கிற மனுஷன் வாயில் ஒரு நூலிழை கோணினால் தெரிய வேண்டுமென்றால், கோணாமல் இருந்தபோது அந்த வாயை எத்தனை நாள் பார்த்திருக்க வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் முதல் அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்காததையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். மாசாமாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அவளுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கி வருவது என் வேலை. போன மாசத்துக்கு முந்தின மாசம், "மாத்திரை தீர்ந்துருச்சு" என்று சுவரிடம் சொன்னாள். சுவரிடம்தானே சொன்னாள், சுவர் போய் வாங்கி வரட்டும் என்று இருந்துவிட்டேன். ஏங்க என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டுச் சொல்லியிருந்தால் வெயிலில் நடந்தே போயிருப்பேன். இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது வாயை வலது பக்கம் கோணி வைத்துக்கொண்டு முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை குனிந்து ஊற்றினாள். தாடை வலித்துப்போயிற்று. கை கழுவ எழுந்தபோது சுவரைப் பார்த்துச் சொல்கிறாள், "பல்லு வலிச்சா பல்லு டாக்டர்கிட்டப் போகணும், மூஞ்சியக் கோணிக்கிட்டு இருந்தாச் சரியாகுமா." பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் பல் டாக்டர் என்கிறாள். அவர் தாடையைப் பிடிக்கக் கை வரும், எனக்கு என்றால் பல் டாக்டர். அந்த ஆத்திரம் அடங்க எனக்கு நாலு நாள் ஆனது, அடங்கவும் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று கிடக்கிறது, அதைத் தொட்டால் எல்லாம் மேலே வரும். தவமணி முதலில் பெண் பார்க்க வந்தது செல்லத்தாயைத்தான். காபித் தட்டைக் கொண்டுபோய் வைத்தவள் தங்கச்சி, இவள், அப்போது பதினெட்டு வயசு. வீட்டுக்குப் போய் அவர் ஆள் அனுப்பிக் கேட்டாராம், சின்னதைக் கொடுப்பீகளா என்று. பெரியவள் இருக்கச் சின்னவளை எப்படிக் கொடுக்க என்று மாமனார் சொல்லிவிட்டார். அவரும் சரி என்று பெரியவளையே கட்டிக்கொண்டார். இதை எனக்குச் சொன்னது என் மாமியார், கல்யாணமான மூன்றாம் வருஷம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஏதோ வேடிக்கை மாதிரிச் சொன்னாள். எல்லாரும் அதை வேடிக்கையாகத்தான் வைத்திருந்தார்கள், செல்லத்தாய்கூட, "அன்னைக்கு நான் காபித் தட்டத் தூக்கியிருந்தா இந்த மனுசன் பேசாமக் கட்டியிருப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இவள் காபி கொண்டுவரும் ஒவ்வொரு காலையிலும் அந்தத் தட்டுதான் எனக்குத் தெரிகிறது. ஒரு ஆள் பார்த்துக் கேட்டுக் கிடைக்காமல் போனதை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டது இவளுக்குத் தெரியுமா, தெரிந்தால் எப்போது தெரிந்தது, தெரிந்தபோது முகம் எப்படி இருந்தது. கேட்டில் நிற்கும்போது சரக்கு வண்டி அறுபது பெட்டி போகும், ஒவ்வொரு பெட்டிக்கும் இதே கேள்வி, கடைசிப் பெட்டி போனபிறகும் பதில் வராது, கேட்டைத் திறந்து விடுவேன், மணி போடுவேன்.

தொடை எரிகிறது. வேட்டியில் கறை பெரிசாகி விளிம்பு காய்ந்து வருகிறது. மாற்றவில்லை. அவள் வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவளாகக் கேட்கட்டும் என்று அப்படியே இருக்கிறேன். எட்டு மணி அடித்தபோது வாசலில் கீரைக்காரி நின்றாள், இவள் பின்னாலிருந்தே குரல் கொடுத்தாள், "இன்னைக்கு வேணாம் தாயி, நேத்து வாங்குனதே கெடக்கு." பேச்சு மணி மாதிரி வருகிறது. கீரைக்காரிக்கு வருகிறது. எனக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வராத பேச்சு. ஏன் எனக்கு மட்டும் அந்த ஒரு சொல். கொட்டினதற்கு ஐயோ என்று சொல்லவில்லை, சுட்டுச்சா என்று கேட்கவில்லை. சொல்வதற்கு எத்தனையோ சொல் இருக்கிறது, தண்ணி என்று சொல்லலாம், துணி என்று சொல்லலாம். உள்ளே எது நிறைய இருக்கிறதோ அதுதானே வழிந்து வரும். எட்டு பத்து. எட்டு இருபது. உள்ளே பாத்திரச் சத்தம் இல்லை. இந்த நேரத்துக்கு இட்லிக் கொப்பரை மூடி சத்தம் போட்டிருக்க வேண்டும். சமைக்கவும் மாட்டாளாம் எனக்கு. எட்டு முப்பத்தொன்றுக்கு முடிவு செய்தேன். அந்தக் காகிதத்தைக் கிழிக்க வேண்டும். மூன்று மாசம் பொறுத்தது போதும், என் வீட்டுச் சுவரில் என் கடிகாரத்துக்குக் கீழே தவமணி படம் எதற்கு. எழுந்து போய்க் கீழ் மூலையில் நகத்தைக் கொடுத்தேன். கோந்து பிடித்திருந்தது, மெல்ல மெல்லத்தான் வந்தது, வரும்வரைக்கும் கண் சும்மா இருக்காமல் எழுத்தில் விழுந்தது. இதை நான் எழுத்துக் கூட்டி நூறு தடவை வாசித்திருப்பேன், வெறுப்பில் வாசித்தே மனப்பாடம். முகம், சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் போகிறதா. கை, இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா, பிடித்த பொருள் நழுவுகிறதா. பேச்சு, குழறுகிறதா, சொல் வராமல் தவிக்கிறார்களா, ஒன்றுக்குப் பதில் வேறு சொல் வருகிறதா. நேரம், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகம் நின்றுவிட்டது. ஏழு நாற்பத்தெட்டு. டம்ளர் சாய்ந்தது வலது கையில். சிரிப்பு ஏறினது இடது பக்கம், அப்படியென்றால் வலது பக்கம் வரவில்லை, அது சிரிப்பே இல்லை. நிலைப்படியில் இடித்தது வலது கால். காகிதத்தின் கீழ்ப்பாதியைக் கையால் சுவரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், அந்தப் பாதி என் நகத்தில் சுருண்டு போயிருந்தது. சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது வரப்போகும் பெரிய பக்கவாதத்துக்கு எச்சரிக்கை. அடுத்த இரண்டு நாட்களில்தான் ஆபத்து அதிகம். நீங்களாக மாத்திரை கொடுக்க வேண்டாம். விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை தண்ணீரோ உணவோ கொடுக்க வேண்டாம். நாற்பத்து மூன்று நிமிஷம். ஒரு நிமிஷம் கேட்டைத் தாமதமாகச் சாத்தினால் மெமோ கொடுப்பார்கள். நான் நாற்பத்து மூன்று நிமிஷம் ஈர வேட்டியோடு உட்கார்ந்து தவமணியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுப்படியில் அவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முறத்தில் பாசிப்பயறு. வலது கையால் ஒரு பயறை எடுக்கிறாள், டம்ளரில் போடுகிறாள். இன்னொரு பயறு. எடுத்துப் போடுகிறாள். ஒரு பயறு தவறி விழுந்தது, அதைத் தேடி எடுத்து மறுபடி முறத்தில் போட்டு, முதலிலிருந்து எடுத்தாள். புடைக்கவில்லை, பொறுக்கவில்லை, கையைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல முடியாமல் பயறிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "பஞ்சவர்ணம்" என்றேன். மூன்று மாசத்துக்கு அப்புறம் அந்தப் பேர் வாய்க்குள் வேற்றாள் மாதிரி இருந்தது. அவள் திடுக்கிட்டுச் சுவரைத்தான் முதலில் பார்த்தாள்.

"சிரி" என்றேன்.

"என்னது?"

"சிரின்னா சிரி."

"இந்த வீட்டுல சிரிக்க என்ன கெடக்கு?"

"கையத் தூக்கு. ரெண்டையும்."

அவள் என்னைப் பார்த்தாள். கையில் பயறோடு ரெண்டு கையையும் தூக்கினாள். ரெண்டும் நின்றது. எனக்கு என்னமோ அப்போதும், அன்றைக்கு அவர் தாடையைப் பிடித்த கை இதுதானா, அதுவா என்று ஓடியது. இதுதான், இடது கை. "எல்லாஞ் சரியாத்தான் இருக்கு" என்றாள். "வாயு புடிச்சிருச்சு. ஆறிப்போச்சு." வாயு. அவள் அம்மாவுக்கு எல்லாரும் சொன்ன அதே வாயு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். வரமாட்டேன் என்றாள். "மூணு மாசமா ஏன்னு கேக்காத மனுசன் இப்ப என்ன வந்து ஆஸ்பத்திரிங்கிறாரு" என்று பயறிடம் சொன்னாள். நியாயமான கேள்விதான், அதற்கு நின்று பதில் சொல்ல நேரம் இல்லை. நான் சொன்னால் கேட்க மாட்டாள். யார் சொன்னால் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரியும். அந்த ஆள் நம்பர் என் போனில் கிடையாது, அவள் போனில்தான் இருக்கிறது, முதலாவதாக இருக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டேதான் அமுக்கினேன்.

"என்ன தாயி" என்று எடுத்தார், அவள் என்று நினைத்து. அந்தத் தாயியில் இருந்த குழைவு என் காதுக்குள் இறங்கியது. "நான்தான்" என்றேன். "அட சகலை, கேட்டு தெறந்திருச்சா?" என்று சிரித்தார். நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, என்றைக்குமே இல்லை, நேராக விஷயத்தைச் சொன்னேன். கை, வாய், கால், மணி. ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "அவகிட்டக் குடுங்க" என்றார். கொடுத்தேன். "ம்... ம்... இல்ல அத்தான்... சரியாயிருச்சு அத்தான்... சரி அத்தான்." எண்ணினேன், மூன்று அத்தான். நான் கிளம்பு என்றதற்கு வராதவள் மூன்று அத்தானில் எழுந்து புடவை மாற்றப் போனாள். பதினான்கு நிமிஷத்தில் வாடகைக் காரோடு வந்துவிட்டார். தலை சீவாமல் வந்திருந்தார், மை போன இடத்தில் நரை தெரிந்தது, அதை நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. அவர் டிரைவர் பக்கத்தில், நாங்கள் பின்னால். திருமங்கலம் தாண்டும்போது தாகமாக இருக்கிறது என்றாள், தண்ணீர் பாட்டிலை அவர் நீட்டினார், நான் தடுத்தேன், "விழுங்கப் பாத்துட்டுத்தான் குடுக்கணும்" என்றேன். "ஆமா ஆமா, மறந்துட்டேன்" என்று கையை இழுத்துக்கொண்டார். அவருக்குக் கொடுத்த காகிதம், அவருக்கே மறந்துவிட்டது, எனக்கு வரி வரியாகத் தெரிகிறது. கொஞ்ச தூரம் அது ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. அடுத்த கிலோமீட்டர் கல்லில் போய்விட்டது. அவள் வலது கை எங்களுக்கு நடுவில் சீட்டில் கிடந்தது. அது மறுபடி விழுந்தால் தெரிய வேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எலும்பு முழி பெரிதான மணிக்கட்டு, சுண்டு விரலில் பழைய தீக்காயம் ஒன்று. அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எனக்குச் செய்ததற்கெல்லாம் மணி வைத்திருக்கிறேன், அவளுக்குப் பட்டதற்கு ஒன்றுக்குக்கூட மணி இல்லை.

மதுரை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சின்ன வயசுப் பெண் டாக்டர். கட்டிலில் உட்கார வைத்துக் கையில் பட்டை சுற்றினாள். எண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், நூற்றெண்பத்தாறு. பேசினதெல்லாம் தவமணிதான், அவருக்குத்தான் டாக்டர்களிடம் பேச வரும், எனக்கு வந்தப்ப இப்படித்தாம்மா என்று ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அவரைப் பார்த்து, "நீங்கதான் இவங்க வீட்டுக்காரரா?" என்றாள். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அறுபது பெட்டிச் சரக்கு வண்டி ஒன்று போய் முடிந்தது. "இல்லம்மா, அவரு" என்று அவர் கையைக் காட்டினார். கறை வேட்டியோடு நான் நின்றிருந்தேன், மாற்றிக்கொள்ள மறந்திருக்கிறேன். "எப்ப ஆரம்பிச்சது?" "ஏழு நாப்பத்தெட்டு." "சுமாராவா?" "சுமாரா இல்லம்மா. ஏழு நாப்பத்தெட்டு. எட்டு மணிக்குக் கீரைக்காரிகிட்ட நல்லாப் பேசுனா. பன்னெண்டு நிமிசத்துக்கு உள்ள." டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்ல." "கேட் கீப்பருங்க" என்றேன். அது மட்டும்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். "பிரஷர் மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறாங்களா?" "சாப்பிடுறேன்" என்றாள் பஞ்சவர்ணம், என்னைப் பார்க்காமல். காப்பாற்றுகிறாளாம். "இல்லம்மா" என்றேன். "ரெண்டு மாசமா இல்ல. நான் வாங்கிக் குடுக்கல." ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை, எழுதிக்கொண்டாள், பேனா நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. "பேச்சு எப்படி இருந்தது? குழறுச்சா, மாத்திப் பேசுனாங்களா?" பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள், "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு." அவளுக்குத் தெரியாது. எது வாயில் வந்தது என்றே அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பேசாமல் இருந்துவிடலாம். கை விழுந்ததைச் சொல்லியாயிற்று, வாயைச் சொல்லியாயிற்று, இந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன. ஆனால் நோட்டில் ஒரு எண்ணை மட்டும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தவமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எனக்கு ரெண்டு அடி தள்ளி நிற்கிறார்.

"என்னை அத்தான்னு கூப்பிட்டா" என்றேன்.

"சரி" என்றாள் டாக்டர். "அது சரியான வார்த்தைதானே?"

"இல்லம்மா. எனக்கு அது சரியான வார்த்தை இல்ல. முப்பத்தெட்டு வருசத்துல ஒரு தடவகூட என்னை அப்படிச் சொன்னதில்ல. அது இவரைச் சொல்ற சொல்லு. எனக்குள்ளது ஏங்க." குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வேற என்னமோ சொல்ல வந்தா. அதுதான் வந்துச்சு. ரெண்டு தடவை."

டாக்டர் எழுதினாள். தவமணி கட்டில் காலை விட்டுவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஏதோ ஒரு போர்டை வாசிக்க ஆரம்பித்தார். பஞ்சவர்ணம் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை, இதற்கு மட்டும் மணி பார்க்க முடியவில்லை. கொண்டுவந்தது நல்லது, சரியாயிருச்சுன்னு வீட்டில் இருந்திருக்கக் கூடாது, ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், மண்டைக்கும் கழுத்துக்கும் படம் எடுத்துவிட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள், காகிதத்தில் இருந்த அதே வரிசையில். வேற எந்தச் சொல்லும் வந்திருக்கலாமே, ஏன் அது என்று டாக்டரிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. அந்தப் படத்தில் அது தெரியுமா. தெரியாது. தெரிந்தாலும் நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிற மாதிரி இருக்காது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தள்ளிக்கொண்டு போன நர்ஸைக் கையைத் தூக்கி நிறுத்தினாள், வலது கை, நன்றாகத் தூக்கியது. கழுத்தைத் திருப்பினாள்.

"ஏங்க" என்றாள். "பின்வாசக் கதவைச் சாத்துனீகளா?"

"சாத்திட்டேன்."

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், கதவு ஆடி நின்றது. மணி பார்த்தேன், பத்து பதினேழு. தவமணி ரெண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும்.